பென் டிரைவ் 'தயார்' என்றால் நம்பாதீர்கள்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அத்தானின் ரப்பர் ஷீட் கணக்கு முழுவதும் விண்டோஸ் 10 ஓடும் அவருடைய மடிக்கணினியில்தான். தக்கலைப் பக்கம் மழைக்காலத்தில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. மடிக்கணினியின் பேட்டரியோ செத்து நாளாகிவிட்டது. அதனால் அவசரத்துக்கு ஒரு பூட் பென் டிரைவ் (உள்ளே இருக்கும் விண்டோஸ் கெட்டாலும் கணினியைத் துவக்க உதவுவது) செய்துகொண்டுதான் விண்டோஸ் 11-ஐத் தொடுவது என்று பிடிவாதமாக இருந்தேன்.

அப்படிப்பட்ட பென் டிரைவைச் செய்துதரும் மைக்ரோசாஃப்ட்டின் மீடியா கிரியேஷன் டூலுக்கு 8 ஜிபி போதும். மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று 64 ஜிபி வாங்கினேன். டூல் எழுதி முடித்து, 'தயார்' என்றது. எஃப்12 அழுத்தி அதிலிருந்து பூட் செய்து பார்த்தால், சின்னம் வந்தது, பிழைச் செய்தி வந்தது, அவ்வளவுதான். பென் டிரைவின் உண்மையான கொள்ளளவைச் சோதிக்கும் எச்2டெஸ்ட்டபிள்யூ மென்பொருள் கொண்டு சோதித்ததில் குட்டு உடைந்தது: மேலே அச்சிட்டது 64, உள்ளே 4 ஜிபிகூட இல்லை. கடைக்காரரிடம் போனால், "உங்கள் கணினியில் வைரஸ் இருக்கும்" என்றார். பிறகு, "பில் எங்கே?" என்றார். பில்லே தராதவர் அவர்தான்! நாகர்கோவிலில் பில்லோடு வேறொன்று வாங்கினேன். அது ஒழுங்காக பூட் ஆனது.

பயந்தபடியே பாதி அப்கிரேடில் கரண்ட் போனது. அதன்பின் கணினி ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருந்தது. சர்வீஸ் கடையில், "ஃபார்மட்தான் வழி, டேட்டா போய்விடும்" என்று கையை விரித்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து, பென் டிரைவில் பூட் செய்து, பழுதுபார்க்கும் பகுதியில் கமாண்ட் பிராம்ப்டை (கட்டளைகளைத் தட்டும் திரை) திறந்தால், வன்தட்டைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டது. நல்ல வேளையாக, அத்தானின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது இருந்தது. கைபேசியில் பார்த்து ஒவ்வொன்றாகத் தட்டினோம். அப்கிரேடுக்கு முன்பே அந்த எண்ணைத் தாளில் எழுதி வைத்துவிடுங்கள்.

அடுத்துச் செய்ததுதான் கடையில் யாரும் சொல்லாதது. கமாண்ட் பிராம்ப்டில் நோட்பேட் என்று ஆங்கிலத்தில் தட்டினால் நோட்பேட் திறக்கும். அதில் ஃபைல், ஓப்பன் போய், 'எல்லாக் கோப்புகளும்' என்று மாற்றினால் வன்தட்டு முழுவதும் தெரியும். சி டிரைவ் அங்கே டி என்றோ வேறு எழுத்திலோ காட்டும், பதற வேண்டாம். கணக்குக் கோப்புறையை ரைட் கிளிக் செய்து காப்பி எடுத்து, இன்னொரு பென் டிரைவில் பேஸ்ட் செய்தேன். எவ்வளவு முடிந்தது என்று எதுவும் காட்டாது. திரை உறைந்ததுபோல் நிற்கும். பென் டிரைவின் விளக்கு மினுங்குவது நிற்கும்வரை எதையும் தொடக் கூடாது. அத்தான் அதையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எல்லாம் வந்து சேர்ந்தது. பிறகு 11-ஐப் புதிதாகவே நிறுவிவிட்டேன். கணக்கு மென்பொருளின் உரிமம் மட்டும் பாக்கி. அதற்காக அத்தான் இன்னும் போன் போட்டுக்கொண்டிருக்கிறார்.