500 லூமென் ப்ரொஜெக்டரும் ஹாலில் எரியும் ஒரு பல்பும்

கைக்குள் அடங்கும் சைஸில் ஒரு லேசர் ப்ரொஜெக்டர் வாங்கி, கொஞ்ச நாளாக அதைப் போட்டுக் குடைந்துகொண்டிருக்கிறேன். மூன்று நிற லேசர், 1080p, அட்டையில் 500 ஆன்ஸி லூமென் என்று போட்டிருக்கிறது. மாடல் பெயரைச் சொல்லவில்லை. இந்த ரகத்தில் எதை வாங்கினாலும் பார்க்க வேண்டிய விஷயங்கள் ஒன்றுதான், அதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

முதலில் அந்த 500. லூமென் என்பது மொத்த வெளிச்சத்தின் அளவு, ஆன்ஸி என்பது அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பு. ஆன்ஸி லூமென் அளப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. முழு வெள்ளைப் படத்தைச் சுவரில் போட்டு, அதை ஒன்பது சம கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் ஒரு சதுர மீட்டரில் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்று காட்டும் லக்ஸ் மீட்டரை வைத்து அளக்க வேண்டும். ஒன்பதின் சராசரியைப் படத்தின் பரப்பளவால் பெருக்கினால் லூமென் வந்துவிடும். சும்மா 'லூமென்' என்றோ 'லைட் சோர்ஸ் லூமென்' என்றோ எழுதியிருப்பது இதுவல்ல. லேசரில் கிளம்பும் வெளிச்சம் வேறு, படத்தை உருவாக்கும் சிப்பையும் லென்ஸையும் தாண்டிச் சுவருக்கு வந்து சேரும் வெளிச்சம் வேறு.

சுவரில் மூலைக்கு மூலை 80 இஞ்ச் படம் போட்டு, ஒன்பது இடத்தில் பேப்பர் டேப் ஒட்டி, நானே அளந்தேன். மீட்டரின் சென்சார் ப்ரொஜெக்டரைப் பார்த்தபடி சுவரோடு ஒட்டி இருக்க வேண்டும், கையின் நிழல் அதன்மேல் விழக்கூடாது. நடுவில் அதிகம், மூலைகளில் கம்மி, அது எல்லா ப்ரொஜெக்டரிலும் உள்ளதுதான். அதிக வெளிச்ச மோடில் சராசரி 262 லக்ஸ். 80 இஞ்ச் படத்தின் பரப்பு 1.76 சதுர மீட்டர். பெருக்கினால் சுமார் 460 லூமென். அட்டையில் போட்டதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, சந்தோஷம்.

ஆனால் அந்த மோடில் யாராலும் படம் பார்க்க முடியாது. எல்லாமே பச்சை. வெள்ளைச் சட்டை பச்சை, மேகம் பச்சை. நம் கண்ணுக்குப் பச்சைதான் அதிக வெளிச்சமாகப் படும் என்பதால், பச்சையைத் தூக்கிவிட்டால் லூமென் கணக்கு ஏறிவிடுகிறது. சினிமா மோடுக்கு மாற்றி மறுபடி ஒன்பது இடத்திலும் அளந்தேன். 198 லக்ஸ், அதாவது 350 லூமென். எனக்கு இதுதான் நிஜக் கணக்கு. வாங்குவதற்கு முன்னால் விமர்சனங்களைப் படிக்கிறவர்கள் 'எந்த மோடில் அளந்தது' என்று தேடிப் பாருங்கள். அது இல்லாத எண்ணை நான் நம்புவதில்லை.

இப்போது பல்புக்கு வருகிறேன். இந்தப் பதிவே அதற்காகத்தான்.

எங்கள் ஹாலில் எரியும் ஒரே ஒரு எல்இடி பல்பு, ப்ரொஜெக்டர் அணைந்திருக்கும்போது, அந்தச் சுவரில் 30 லக்ஸ் போடுகிறது. படத்தில் கறுப்பு வர வேண்டிய இடத்தில் என்ன தெரியும்? அந்த 30 லக்ஸ்தான். ப்ரொஜெக்டரால் சுவரில் வெளிச்சத்தைக் கூட்டத்தான் முடியும், இருக்கிற வெளிச்சத்தை எடுக்க முடியாது. ஆக கறுப்பு 30, வெள்ளை 228. ஏழரை மடங்கு வித்தியாசம், அவ்வளவுதான். ராத்திரிக் காட்சி முழுக்கச் சாம்பல் பூசினதுபோல் இருந்தது.

பல்பை அணைத்துவிட்டுக் கறுப்புப் படத்தை அளந்தால் 0.4 லக்ஸ் வந்தது. வெள்ளை 198. இப்போது வித்தியாசம் கிட்டத்தட்ட 500 மடங்கு. அதே மெஷின், அதே சுவர்.

இதே ப்ரொஜெக்டர் இரண்டு மடங்கு வெளிச்சம் தந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். பல்பு எரியும்போது ஏழரை என்பது 14 ஆகும். பணத்தைக் கொட்டி லூமெனை இரட்டிப்பாக்கினால் 14, எழுந்து போய் ஸ்விட்சைத் தட்டினால் 500! இந்த ரக ப்ரொஜெக்டரைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான். கனமான திரைச்சீலைக்குச் செலவு செய்யுங்கள், அப்புறம் லூமெனைப் பார்க்கலாம்.

இருட்டிலும் இன்னொரு விஷயம் இருக்கிறது. படத்தில் பாதி வெளிச்சமாக இருந்தால் அந்த வெளிச்சமே வெள்ளைக் கூரையிலும் பக்கச் சுவரிலும் பட்டுத் திரும்பி வந்து இருட்டான பாதியைக் கெடுக்கும். திரைக்குப் பக்கத்துச் சுவரில் கருநீலத் துணி ஒன்றைத் தொங்கவிட்டுப் பார்த்தேன், வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது.

உள்ளே இருக்கும் சிப்பைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், எனக்கு அதன்மேல் தனிப் பிரியம். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தில் லாரி ஹார்ன்பெக் 1987இல் கண்டுபிடித்தது இது. முடியைவிட மெல்லிய அளவில் லட்சக்கணக்கான கண்ணாடிகள், ஒவ்வொன்றும் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை சாய்ந்து நிமிர்ந்து, வெளிச்சத்தை லென்ஸ் பக்கமோ வேறு பக்கமோ திருப்பிவிடுகின்றன. இந்தச் சின்ன ப்ரொஜெக்டர்களில் அதிகம் வரும் 0.23 இஞ்ச் சிப்பில் இருப்பது 960க்கு 540 கண்ணாடிகள். படத்தை மிக வேகமாக நான்கு இடங்களுக்கு நகர்த்தி நகர்த்தி அதையே 1920க்கு 1080 ஆக்கிக் காட்டுகிறார்கள். ஒரு சாமர்த்தியம்தான், ஆனால் சப்டைட்டில் எழுத்துகள் கூர்மையாகவே இருக்கின்றன. எனக்குக் குறை தெரியவில்லை.

குறை தெரிவது கீஸ்டோனில். ஓரத்தில் இருக்கும் ஸ்டூலில் வைத்தாலும் படத்தைத் தானாக நேரான செவ்வகமாக்கிக்கொள்ளும் என்று விளம்பரத்தில் காட்டுகிறார்களே, அது. ஆக்கத்தான் செய்கிறது. ஆனால் எப்படி? சிப்பில் உள்ள முழுப் பரப்பையும் பயன்படுத்தாமல், உள்ளே ஒரு கோணல் கட்டத்தில் படத்தைச் சுருக்கி வைக்கிறது. பிக்சலும் போச்சு, வெளிச்சமும் போச்சு. இருட்டில் பார்த்தால் படத்தைச் சுற்றி ஒரு கோணலான சாம்பல் சட்டம் வேறு தெரியும். பயன்படாத கண்ணாடிகளிலிருந்து கசியும் வெளிச்சம் அது. ஸ்டாண்டில் வைத்து, திரையின் நடுவுக்கு நேராக நிறுத்தி, கீஸ்டோனை முழுசாக அணைத்துவிடுவேன். பல சின்ன ப்ரொஜெக்டர்களில் பெட்டியை அசைக்காமலே படத்தை மேலே கீழே நகர்த்தும் லென்ஸ் ஷிஃப்ட் கிடையாது, அதனால் வைக்கும் இடத்தை முன்கூட்டியே யோசித்துவிட வேண்டும். த்ரோ ரேஷியோ 1.2 என்றால் படத்தின் அகலத்தைப் போல 1.2 மடங்கு தூரம் வேண்டும். 100 இஞ்ச் படத்தின் அகலம் 2.21 மீட்டர், ஆக லென்ஸிலிருந்து சுவர்வரை 2.65 மீட்டர்.

லேசருக்கே உரிய இரண்டு சங்கதிகள் உண்டு. ஒன்று, வெள்ளைப் பரப்பில் பொடிப்பொடியாக மினுமினுப்பது. லேசர் ஒளி ஒரே தாளத்தில் வருவதால், சுவரின் சொரசொரப்பில் பட்டுச் சிதறும் அலைகள் ஒன்றோடொன்று கூடியும் குறைந்தும் கண்ணில் புள்ளிகளாக விழுகின்றன. தலையை லேசாக அசைத்தால் புள்ளிகளும் கூடவே நகரும், அதை வைத்து இது படத்தில் உள்ள குறை அல்ல என்று கண்டுபிடித்துவிடலாம். மேட் சுவரில் எனக்கு அது தொந்தரவாக இல்லை. வெளிச்சத்தைக் கூட்டித் தரும் பளபளப்பு ஸ்க்ரீனில் அதிகமாகத் தெரியும். நீல லேசரை பாஸ்பர் என்ற ஒளிரும் பூச்சில் அடித்து மற்ற நிறங்களை எடுக்கும் ப்ரொஜெக்டர்களில் இது குறைவு.

இன்னொன்றை அப்பாதான் கவனித்தார். படம் ஓடிக்கொண்டிருக்கும்போது, "என்னடா, எல்லார் மூஞ்சியும் செவசெவன்னு இருக்கு?" என்றார்.

"எனக்குச் சரியாத்தானேப்பா தெரியுது."

"கண்ணாடியத் தொடச்சிட்டுக்கூடப் பாத்துட்டேன்டா, செவப்புதான்."

இரண்டு பேர் சொன்னதும் சரி. மூன்று நிற லேசரில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றும் மிகக் குறுகிய அலைநீளத்தில் வருகிறது. நிறம் அத்தனை ஆழமாகத் தெரிவதற்குக் காரணமே அதுதான். ஆனால் அவ்வளவு குறுகிப்போகும்போது ஒவ்வொருவர் கண்ணிலும் உள்ள சின்னச் சின்ன வித்தியாசம் பெரிதாகிவிடும். வயது ஏற ஏற கண்ணின் லென்ஸ் மஞ்சளாகி நீலத்தைக் கொஞ்சம் வடிகட்டுகிறது. ஒரே வெள்ளை எனக்கு வெள்ளை, அப்பாவுக்கு அதில் சிவப்பு. செட்டிங்ஸில் சிவப்பைக் கொஞ்சம் குறைத்து அவருக்குத் தனியாக ஒரு யூஸர் மோடு சேமித்து வைத்திருக்கிறேன். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களையும் உட்கார வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், நம் கண் மட்டும் போதாது.

மற்றதெல்லாம் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போட்டு அரை மணி நேரத்தில் உள்ளே சூடேறி ஃபோகஸ் லேசாக நகர்கிறது, அப்போது ஒரு முறை சரிசெய்துவிட்டால் கடைசிவரை நிற்கிறது. ஃபேன் சத்தம் அமைதியான காட்சியில் கேட்கும், தள்ளி வைத்தால் மறந்துவிடும். உள்ளே இருக்கும் ஸ்பீக்கர் பேச்சுக்குப் போதும், பாட்டுக்குப் போதாது. வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அதிகமாகக் காட்டும் எச்டிஆர் வசதி என்று போட்டிருப்பதை நம்பி எதுவும் எதிர்பார்க்காதீர்கள், அதற்கு வேண்டிய உச்ச வெளிச்சம் இந்தப் பெட்டியில் இல்லை. ஸ்ட்ரீமிங் ஆப்கள் பதிந்தே வந்தாலும் படத்தைத் திருட்டுத்தனமாக நகலெடுக்காமல் காக்கும் வைட்வைன் பாதுகாப்பில் உயர்ந்த நிலையான எல்1 இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எல்3 மட்டும் என்றால் பெரும்பாலான தளங்கள் எச்டியே தராது. பெரிய சுவரில் டிவிடி காலத்துப் படத்தைப் பார்ப்பது கொடுமை.

ஒன்றை மட்டும் அவசரமாகச் சொல்ல முடியாது. அக்கா மகள் வந்தாளென்றால் நிழலில் மான் காட்ட ப்ரொஜெக்டர் முன்னால் போய் நின்றுவிடுவாள். நிற்கட்டும், ஆனால் லென்ஸுக்குள் பார்க்கக்கூடாது. ஆள் குறுக்கே வந்தால் வெளிச்சத்தைக் குறைக்கும் சென்சார் இதில் இருக்கிறது. அது வேலை செய்கிறதா என்று நானே கையை நீட்டிச் சோதித்தேன், செய்கிறது. இருந்தாலும் ஸ்டாண்டை அவள் தலைக்கு மேலே உயர்த்தி வைத்திருக்கிறேன்.

லேசரின் ஆயுள் 25,000 மணி நேரம் என்பார்கள். அது வெளிச்சம் பாதியாகக் குறையும்வரை உள்ள காலம். தினம் 4 மணி நேரம் ஓட்டினால் 17 வருஷம். அதற்குள் உள்ளே இருக்கும் சாஃப்ட்வேர்தான் முதலில் பழசாகும். அதனால் வேறு பெட்டியை வெளியிலிருந்து இணைக்க எச்டிஎம்ஐ போர்ட் இல்லாத மாடலைத் தொடவே வேண்டாம்.

கடைசியாக, எத்தனை இஞ்ச் போடலாம்? திரையிலிருந்து கண்ணுக்கு வரும் வெளிச்சத்தை நிட்ஸில் சொல்வார்கள், தியேட்டரில் வெள்ளைத் திரையின் அளவுகோல் 48 நிட்ஸ். நம் சுவர் லக்ஸை 3.14ஆல் வகுத்தால் ஏறத்தாழ நிட்ஸ் வந்துவிடும். என் 350 லூமெனுக்கு 80 இஞ்ச் என்றால் 63 நிட்ஸ், 100 இஞ்ச் என்றால் 40. 90 இஞ்சில் 50 வருகிறது. அட்டையில் 120 இஞ்ச், 150 இஞ்ச் என்றெல்லாம் படம் போட்டிருக்கிறார்கள். நான் 90க்கு ஸ்டாண்டின் கால் இருக்கும் இடத்தில் தரையில் டேப் ஒட்டி வைத்துவிட்டேன்.