லேத்துப் பட்டறையும் முதல் விமானமும்

சனிக்கிழமை கோயமுத்தூர் கணபதியில மாமாவோட பட்டறைக்குப் போயிருந்தேனுங்க. சூலூர்ப் பக்கமிருந்து ஒரு விமானம் இரைஞ்சுக்கிட்டுப் போச்சு. மாமா லேத்தை நிறுத்திட்டு அண்ணாந்து பார்த்தார். "மொதோ விமானத்துக்கு இஞ்சின் யாரு கண்ணு செஞ்சது?"

சார்லி டெய்லர். ரைட் சகோதரர்களோட சைக்கிள் கடை மெக்கானிக். நாலு சிலிண்டர் இஞ்சினை ஆறே வாரத்துல செஞ்சு முடிச்சார். கிராங்க் ஷாஃப்டுக்கு, அதாவது பிஸ்டன் முன்னும் பின்னும் போறதைச் சுத்தலா மாத்தற தண்டுக்கு, ஒரு கனத்த எஃகுப் பலகையில கோடு போட்டு, கோட்டோரமா வரிசையா ஓட்டை துளைச்சு, வேண்டாததைத் தட்டி எடுத்துட்டு, மிச்சத்தை லேத்துல கடைஞ்சிருக்கார். சொல்லி முடிக்கறதுக்குள்ள மாமா கிரீஸ் படிஞ்ச மேசைமேல விரலாலயே அந்த வடிவத்தை வரைஞ்சுட்டார். "நாலு சிலிண்டரா? ஒவ்வொண்ணுக்கும் மையத்தைத் தள்ளித் தள்ளிப் புடிச்சுக் கடையோணுமே சாமி!"

அதுதான் எனக்கும் ஆச்சரியம். எடை குறைய அலுமினிய வார்ப்பு, சுமார் 12 குதிரைத்திறன், விசிறிகளைச் சுத்த சைக்கிள் மாதிரியே செயின். இறக்கைக்குப் போர்த்தினது நம்ம ஊர் நெய்யற மாதிரி பருத்தித் துணி. 1903 டிசம்பர் 17, அமெரிக்காவுல கிட்டி ஹாக் பக்கத்து மணல்வெளியில முதல் தடவை 12 நொடி, 120 அடி. அன்னைக்கே நாலாவது தடவை 59 நொடி, 852 அடி!

மாமா மறுபடி லேத்தை ஓட்டினார். அன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும், கடைஞ்சு முடிச்ச ஒவ்வொரு பம்ப் ஷாஃப்டையும் வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பார்த்துட்டுத்தான் கீழே வெச்சார்.