இரண்டு கோடுகள், ஒரு டவர்

வேலூருக்கு மாற்றலாகி வந்த நாளிலிருந்து என் மேசைக்கு எதிர்ச்சுவரில் ஒரு வரைபடம் தொங்கிக்கொண்டிருக்கிறது. துணை மின் நிலையங்கள் தடித்த கோடுகளாகவும், அவற்றுக்கிடையே ஓடும் மின்பாதைகள் மெல்லிய கோடுகளாகவும் வரையப்பட்ட ஒற்றைக்கோட்டு வரைபடம் அது. எனக்கு முன்னிருந்தவர்கள் பென்சிலால் திருத்தியும் அழித்தும் தாளே சற்று மெலிந்துபோயிருக்கும். பழைய வட ஆர்க்காடு 1989-இல் இரண்டாகி, வேலூர் மாவட்டம் 2019-இல் மூன்றான பிறகும், ஆம்பூருக்கும் ராணிப்பேட்டைக்கும் போகும் கோடுகள் அதில் அப்படியே இருக்கின்றன. பல ஆண்டுகள் இந்தப் படத்தைத்தான் எங்கள் மின்வலை என்று நான் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையை முதலில் அசைத்தவர், இறுதியாண்டுத் திட்டப்பணிக்காக எங்கள் அலுவலகத்துக்கு வந்த பொறியியல் மாணவி ஒருவர்.

அவர் செய்ய நினைத்தது எளிமையானது. ஒவ்வொரு துணை மின் நிலையத்தையும் ஒரு கணுவாகவும், ஒவ்வொரு மின்பாதையையும் ஓர் இணைப்பாகவும் கொண்டு, படம் முழுவதையும் கணினிக்குள் ஒரு வலைப்பின்னலாக ஏற்றிவிட வேண்டும். பிறகு கணுக்களை ஒவ்வொன்றாக நீக்கி, வலை எத்தனை துண்டுகளாகச் சிதறுகிறது என்று பார்க்க வேண்டும். இந்த வழி புதியதன்று. 1998-இல் வாட்ஸும் ஸ்ட்ரோகாட்ஸும் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையிலேயே அமெரிக்காவின் மேற்குப்பகுதி மின்வலை 4,941 கணுக்களைக் கொண்ட வலைப்பின்னலாக ஆராயப்பட்டிருக்கிறது. 2004-இல் வட அமெரிக்க வலையைப் பற்றி வந்த ஆய்வொன்று, கணுக்கள் தற்செயலாக ஆங்காங்கே பழுதாகும்போது வலை பெரும்பாலும் தாங்கிக்கொள்கிறது என்றும், அதிகப் பாதைகள் கடந்துபோகும் கணுக்களைத் தேர்ந்தெடுத்து நீக்கினால் விரைவில் சிதறிவிடுகிறது என்றும் காட்டியது. மாணவியின் முதல் பட்டியலும் இதே முறையில்தான் வந்தது. எந்த இரண்டு கணுக்களை எடுத்தாலும் அவற்றுக்கிடையிலான மிகக் குறுகிய பாதை எந்தக் கணுவின் வழியாக அதிகம் போகிறதோ, அதுவே முதலிடம் பெறும்.

முதலிடத்தில் இருந்த நிலையத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அங்கே பெரிய சுமை எதுவுமில்லை. பராமரிப்பு நாளில் அதை நிறுத்தினால் சுற்றுவட்டாரத்தில் சில ஊர்களைத் தவிர யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் அது ஏன் தவறு என்று அவர் திருப்பிக் கேட்டபோது, அனுபவம் என்ற ஒற்றைச் சொல்லைத் தவிர என்னிடம் பதில் இல்லை. அது எனக்கு வெட்கமாக இருந்தது. அன்று மாலை இருவரும் உட்கார்ந்து யோசித்துத்தான் காரணங்களைப் பிரித்தெடுத்தோம்.

முதல் காரணம் எங்கள் தொழிலில் புதிதாய்ச் சேர்ந்தவருக்கும் தெரிந்தது. வளையமாக இழுத்த பாதைகளையும் நாங்கள் பெரும்பாலும் ஓரிடத்தில் சுவிட்சைத் திறந்து வைத்து, அதாவது அங்கே இணைப்பைத் துண்டித்து, ஒருபக்க ஊட்டமாகத்தான் ஓட்டுகிறோம். சுவரில் இருக்கும் கோட்டுக்கு அந்தத் திறப்பு ஒரு சிறு சாய்கோடு மட்டுமே. கணினியோ அதையும் முழு இணைப்பாக எண்ணிக்கொண்டது. இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. காட்பாடி சந்திப்பில் ஒரு ரயிலை சென்னைப் பக்கமோ திருப்பதிப் பக்கமோ விழுப்புரம் பக்கமோ நாம் விரும்பிய தடத்தில் திருப்பிவிடலாம். மின்னோட்டத்தை அப்படித் திருப்ப முடியாது. இரு முனைகளுக்கிடையே எத்தனை வழிகள் சுவிட்ச் மூடி இணைந்திருக்கின்றனவோ அத்தனையிலும் அது ஒரே நேரத்தில் பாயும். மின்மறிப்பு, அதாவது மின்னோட்டத்துக்கான தடை, குறைந்த வழியில் அதிகமாகவும் கூடிய வழியில் குறைவாகவும் பங்கிட்டுக்கொள்ளும். ஆகவே மிகக் குறுகிய பாதை என்ற கணக்கு மின்சாரத்துக்குப் பாதிதான் பொருந்தும். இணைப்பு வடிவத்தை மட்டும் பார்க்கும் மாதிரிகள் மின்வலையின் பலவீனம் பற்றித் தவறாக வழிகாட்டக்கூடும் என்று 2010-இல் ஓர் ஆய்வு இதைத்தான் எச்சரித்திருந்தது. இணைப்புகளுக்கு மின்மறிப்பை எடையாகக் கொடுத்து, திறந்த சுவிட்சுகளை நீக்கியபின் வந்த இரண்டாம் பட்டியல் என் லாக்புக் நினைவுகளோடு ஓரளவு ஒத்துப்போனது. அந்தப் பட்டியலில் உள்ள பெயர்களை நான் இங்கே எழுதப்போவதில்லை. காரணம் சொல்லத் தேவையில்லை.

ஒரு பாதை விழுந்தால் மற்றவை எப்படி விழுகின்றன என்பதை அவருக்கு விளக்க ஏரிகளைத்தான் துணைக்கு அழைத்தேன். பாலாற்றுப் படுகையில் ஏரிகள் சங்கிலியாக அமைந்தவை. மேல் ஏரி நிரம்பிக் கோடி போனால், அதாவது உபரிநீர் வழிந்தால், அந்த நீர் கீழ் ஏரிக்கு வரும். மேல் ஏரியின் கரை உடைந்தாலோ, கீழ் ஏரி தன் கொள்ளளவுக்கு மேல் வந்த நீரைத் தாங்காமல் தானும் உடையும். மின்பாதைகளும் இப்படியே. ஒன்று துண்டானால் அதன் சுமை அடுத்தவற்றின் தலையில் ஏறுகிறது. 2012 ஜூலை 30 அதிகாலை வட இந்திய மின்தொகுப்பு வீழ்ந்ததும் இவ்வாறுதான். பினா–குவாலியர் தடத்தில் இருந்த இரண்டு 400 கிலோவோல்ட் பாதைகளில் ஒன்று மேம்பாட்டுப் பணிக்காக நிறுத்தப்பட்டிருந்தது. மிஞ்சிய ஒன்றின் மீது சுமை ஏறிக்கொண்டே போக, எங்கோ பழுது நேர்ந்துவிட்டதாக எண்ணி, பழுதைக் கண்டால் பாதையைத் துண்டிக்கும் காப்புக் கருவியான ரிலே அதைத் துண்டித்துவிட்டது. உண்மையில் அங்கே பழுது எதுவும் இல்லை. மறுநாள் வடக்கோடு கிழக்கும் வடகிழக்கும் சேர்ந்து இருண்டன. அந்த நிலப்பகுதிகளில் வாழ்ந்தவர்கள் ஏறத்தாழ 62 கோடிப் பேர்.

தென்னகத் தொகுப்பு அன்று தப்பியது. அப்போது அது மற்றவற்றோடு நேர்மின்னோட்ட இணைப்புகளால் மட்டுமே தொடர்பு கொண்டிருந்தது. அவற்றின் வழியே எவ்வளவு மின்சாரம் போக வேண்டும் என்பதை நாமே கட்டுப்படுத்தலாம் என்பதால், அந்தப் பக்கத்துச் சரிவு இந்தப் பக்கம் தானாகப் பரவவில்லை. அந்த ஆண்டு தமிழ்நாட்டில் அன்றாடம் பல மணிநேர மின்வெட்டு இருந்ததால், தப்பியதை இங்கே யாரும் கொண்டாடவில்லை என்பது வேறு கதை. 2013 டிசம்பர் 31-இல் ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை இயக்கத்துக்கு வந்து நாடு முழுவதும் ஒரே தொகுப்பானது. இன்று கர்நூலிலிருந்து வரும் 765 கிலோவோல்ட் பாதை எங்கள் பக்கத்துத் திருவலத்தில்தான் வந்து முடிகிறது. இணைப்பு கூடினால் வலிமை கூடும் என்பதும், விழுவது பரவுவதற்கு வழி கூடும் என்பதும் ஒரே வலையில் ஒருங்கே உண்மையாக இருக்கின்றன. இரண்டில் எது மேலோங்கும் என்பது, ஒரு பகுதியை எங்கே எவ்வளவு விரைவில் துண்டித்து, தன் மின்சாரத்திலேயே இயங்கும் தனித்தீவாக ஓட்ட முடியும் என்பதைப் பொறுத்தது.

இவ்வளவு திருத்திய பிறகும் படத்தில் ஒரு பெரிய குறை இருந்தது. அதைக் கண்டவர் எங்களோடு இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றிய கம்பியாளர். தேநீர் கொண்டுவந்து வைத்தவர் கணினித் திரையில் ஆற்றைக் கடக்கும் இரண்டு 33 கிலோவோல்ட் கோடுகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ரெண்டு கோடு போட்டுகிறீங்க பாப்பா, டவர் ஒண்ணுதானே?" என்றார். கணினி அவற்றை ஒன்று போனால் ஒன்று நிற்கும் என்று கணக்கிட்டிருந்தது. எந்த ஒரு பாதை இழப்பையும் வலை தாங்க வேண்டும் என்ற எங்கள் விதியும் காகிதத்தில் நிறைவேறியிருந்தது. ஆனால் இரண்டும் ஒரே டவர்களின் இரு கைகளில் தொங்கின. அந்த டவர்களில் சில ஆற்று மணலில் நின்றன.

ஆண்டுக்கணக்கில் மணலாகவே கிடந்த பாலாறு 2021 நவம்பரில் இருகரையும் தொட்டு ஓடியது. இரவில் ஒரு டவர் சாய்ந்தது. இரண்டு பாதைகளும் ஒரே நேரத்தில் ட்ரிப் ஆயின. மறுபக்கத்திலிருந்து ஊட்டம் தர பாதைகளை இணைக்கவும் பிரிக்கவும் கையால் இயக்கும் ஒரு ஏ.பி. சுவிட்சை மூட வேண்டியிருந்தது. அதன் கைப்பிடி துருவேறி இறுகிப்போயிருந்ததால் ஆட்கள் சுத்தியலோடு போக வேண்டியதாயிற்று. அவர்களை அழைக்கலாம் என்றால் கைப்பேசிக் கோபுரங்களின் பேட்டரிகளும் ஒன்றன்பின் ஒன்றாகத் தீர்ந்துகொண்டிருந்தன. 2003-இல் இத்தாலி இருண்டபோது, மின்சாரம் போய்த் தொடர்பு போனதும், தொடர்பு போய் மேலும் மின்சாரம் போனதும் பற்றிப் பின்னாளில் ஒரு கணித ஆய்வு எழுதப்பட்டது. அதைப் படித்தபோது தொலைதூரச் செய்தியாகத் தோன்றியதை, ஒரு மழையிரவில் இருசக்கர வாகனத்தில் ஆளனுப்பிச் சொல்லும்போதுதான் புரிந்துகொண்டேன். ஆற்றுப்படுகைக் கிணறுகளிலிருந்து குடிநீர் ஏற்றும் மோட்டார்களும் அதே பாதையை நம்பியிருந்தன. வெள்ளம் புரண்டோடிய ஊரில் மறுநாள் காலை குடிக்கத் தண்ணீர் வரவில்லை.

கம்பியாளர் சொன்னதை அப்போதே மேலே எழுதி, தனித்தடத்தில் இன்னொரு பாதை கேட்டிருந்தோம். அது கோப்பிலேயே இருந்தது. இதை யார்மீதும் பழியாகச் சொல்லவில்லை. இரண்டு கோடுகள் வரையப்பட்ட படத்தைப் பார்த்து, ஏற்கெனவே இரண்டு இருக்கின்றனவே என்று ஒருவர் நினைத்தால் அவரிடம் என்ன வாதிடுவது?

மாணவி படிப்பை முடித்து பெங்களூருக்குப் போய்விட்டார். அவர் விட்டுச்சென்ற அட்டவணையில் நான் சேர்த்தது ஒரே ஒரு பத்தி. அதன் தலைப்பு, 'எதன்மேல் நிற்கிறது'. பாதை ஒவ்வொன்றும் யாருடன் டவரைப் பகிர்கிறது, எந்த ஓடையைக் கடக்கிறது, எந்தப் புளியமரத்துக்கு அடியில் போகிறது, அதன் சுவிட்சைக் கடைசியாக யார் எப்போது கையால் திறந்து மூடினார் என்பதெல்லாம் அதில் வரும். எந்த வரைபடமும் தராத விவரங்கள் என்பதால், பராமரிப்பு நாளன்று ஆட்களோடு நானும் போய் நின்று பார்த்துத்தான் அவற்றை நிரப்ப முடிகிறது. குடியாத்தம் பக்கம் இன்னும் பாதிக்கட்டங்கள் காலியாக உள்ளன. அடுத்த பராமரிப்பு வரும் வியாழக்கிழமை.