எட்டு வாரத்தில் மூன்று வாரம் பிசுபிசுப்பிலேயே போனது: மென் ரோபோ கோடைப் பயிற்சி

கோடை ஆராய்ச்சிப் பயிற்சிக்குக் கிடைப்பது மொத்தம் எட்டு வாரம். காந்தத்தால் நகர்ந்து, சுமந்துபோன மருந்தை இரைப்பையில் விடும் சிலிக்கோன் பட்டை செய்வதுதான் எங்கள் வேலை. இப்படி ரப்பர்போல வளையும் பொருளில் செய்வதுதான் மென் ரோபோ. அதில் மூன்று வாரம் சிலிக்கோன் இறுகாமலேயே போய்விட்டது. அடுத்து போகிறவர்களுக்காவது அந்த மூன்று வாரம் மிஞ்சட்டும்.

விண்ணப்பம் பெரிய விஷயமில்லை. மூன்று அறிவியல் அகாடமிகளின் கோடைத் திட்டம், ஐ.ஐ.டி.களின் திட்டங்கள் என்று வழி நிறைய உண்டு. ஆய்வுக் குறிப்பில் மட்டும் கவனம் வையுங்கள். "மென் ரோபோவில் ஆர்வம்" என்று எழுதினால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். 2018இல் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் ஆராய்ச்சி நிறுவனக் குழு ஒன்று நேச்சர் இதழில் வெளியிட்ட பட்டை 3.7 மி.மீ. நீளம், 185 மைக்ரான் தடிமன். அது நடக்கும், உருளும், நீந்தும். அதில் எதை மறுபடி செய்து, எதை அளக்கப் போகிறீர்கள் என்று எழுதுங்கள். எலி, முயல் என்று ஒரு வார்த்தையும் வேண்டாம். விலங்குச் சோதனைக்கு நிறுவன நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். எட்டு வாரத்தில் அது நடக்காது. ஜெலட்டின் மாதிரியோ, இறைச்சிக் கடையில் வாங்கிய ஆட்டுக்குடலோ போதும்.

அடுத்தது உங்கள் கல்லூரி தர வேண்டிய தடையில்லாச் சான்று. கல்லூரி அலுவலகத்தில் வழக்கமான படிவத்தை எடுத்து "தொழிற்சாலைப் பயிற்சி" என்று அடித்துக் கொடுத்துவிட்டார்கள். தேதியும் இல்லை. சேருமிடத்தில் அதை ஏற்கவில்லை. ஒரு பயணம் வீண், நான்கு நாள் போச்சு. கடிதத்தை நீங்களே தட்டச்சு செய்துகொண்டு போங்கள். ஆராய்ச்சிப் பயிற்சி என்ற சொல், தொடங்கும் தேதி, முடியும் தேதி, சேரும் துறை, முதல்வர் கையெழுத்து, முத்திரை எல்லாம் இருக்க வேண்டும். செமஸ்டர் தேர்வு ஜூன் வரை இழுக்குமா என்பதையும் முன்பே கேட்டுவிடுங்கள்.

இனி சிலிக்கோன். நாங்கள் எடுத்தது ஈகோஃப்ளெக்ஸ் 00-30, இரண்டு திரவங்களைக் கலந்தால் இறுகும் சிலிக்கோன். ஏ, பி இரண்டும் சம அளவு. 23 டிகிரியில் கலவை 45 நிமிடம் தாங்கும், நான்கு மணி நேரத்தில் இறுகும் என்று டப்பாவில் இருக்கும். மே மாத வெக்கையில் ஏ.சி. இல்லாத அறையில் 45 நிமிடத்தை நம்ப வேண்டாம். அதற்கு முன்பே கெட்டியாகத் தொடங்கிவிடும். எங்களுக்கு வந்தது வேறு சிக்கல். ரெசின் 3டி பிரிண்டரில் எடுத்த வார்ப்பு அச்சில் ஊற்றினால் நடுவில் இறுகியது. அச்சைத் தொட்ட பக்கம் மட்டும் பிசின்போல ஒட்டியது. விகிதம் தப்பு என்று நினைத்து மூன்று முறை மறுபடி கலந்தோம். விகிதம் சரியாகத்தான் இருந்தது. இந்தச் சிலிக்கோன் இறுகுவது பிளாட்டினம் வினையூக்கியால். ரெசினில் மிச்சமிருக்கும் வேதிப்பொருள், கந்தகம், அமீன், தகரச் சேர்மம் எதைத் தொட்டாலும் வினையூக்கி செத்துவிடும். லேட்டக்ஸ் கையுறையும் அப்படித்தான். வினைல் கையுறை போடுங்கள். லேசரில் வெட்டிய அக்ரிலிக் அச்சுக்கு மாறிய அன்றே பட்டை சுத்தமாக உரிந்து வந்தது. அந்த நிம்மதியைச் சொல்லி மாளாது. ரெசின் அச்சுதான் கதி என்றால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கழுவி, புற ஊதா ஒளியில் வைத்து, 60 டிகிரி அடுப்பில் ஓர் இரவு விட்டு, முதலில் ஒரு சொட்டு ஊற்றிப் பாருங்கள்.

காந்தத் தூள் நியோடிமியம்-இரும்பு-போரான், 5 மைக்ரான். 10 கிராம் ஏ, 10 கிராம் பி, 20 கிராம் தூள். தூளைக் காந்தமேற்றாமல் கலக்க வேண்டும், இல்லாவிட்டால் கட்டிகட்டியாகச் சேரும். உலர்ந்த தூள் தீப்பிடிக்கும். அருகில் சுடர், தீப்பொறி கூடாது. வெற்றிடத்தில் குமிழி எடுத்து, மெல்லியதாகத் தடவி, உடனே சூடாக்குங்கள். தாமதித்தால் தூள் அடியில் படிந்து பட்டை ஒருபக்கமாகச் சுருளும். காந்தமேற்றச் சுமார் 2 டெஸ்லா புலம் வேண்டும். மேசைக் காந்தம் போதாது. அந்தக் கருவி வேறு துறையில் இருக்கும். முதல் வாரமே நேரம் கேட்டு வையுங்கள். நாங்கள் ஐந்தாம் வாரம் கேட்டோம், வரிசையில் நின்றோம்.

மருந்து வெளியேறுவதை அளக்கும்போது இரண்டு பொறி. மருந்துக்குப் பதிலாக வைக்கும் ரோடமின் பி சாயத்தைச் சிலிக்கோனே உறிஞ்சிக்கொள்ளும். வெளியேறிய அளவு குறைவாகத் தெரியும். இன்னொன்று, இரைப்பை அமிலத்துக்குப் பதிலாக வைக்கும் பி.எச். 1.2 அமிலத்தில் வெட்டிய ஓரத்தில் தெரியும் தூள் அரிக்கும். சாயம் எவ்வளவு என்று காட்டும் ஒளி உறிஞ்சல் அளவைக் கரைந்த இரும்பு குழப்பும். மேலே தூளில்லாத சிலிக்கோன் பூச்சு கொடுத்தால் அரிப்பு தாமதமாகும், நிற்காது. அதனால் ஒவ்வொரு முறையும் இரண்டு ஒப்பீட்டுக் குப்பி வையுங்கள்: சாயமில்லாத பட்டை அமிலத்தில் ஒன்று, வெறும் பட்டை அளவு தெரிந்த சாயக் கரைசலில் ஒன்று. 37 டிகிரி, 24 மணி நேரம். இதை ஏழாம் வாரம்தான் செய்தோம். அதற்கு முன் எடுத்த வரைபடங்கள் எதையும் அறிக்கையில் சேர்க்க முடியவில்லை.