கடைசி ஆசைக்கு ஒரு ஆம்புலன்ஸ்

2014-இல் நெதர்லாந்தின் ரோட்டர்டாம் மிருகக்காட்சி சாலையில் எடுத்த அந்தப் படத்தை நேற்று மறுபடி பார்த்தேன். அங்கே வேலை பார்த்த ஒருவர் சாகக் கிடக்கும் நிலையில் ஸ்ட்ரெச்சரோடு வந்திருக்கிறார், ஒட்டகச்சிவிங்கி ஒன்று குனிந்து அவர் முகத்தை முகர்கிறது. கூட்டி வந்தவர்கள் ஆம்புலன்ஸ்காரர்கள்.

கேஸ் ஃபெல்ட்போர் என்ற ஆம்புலன்ஸ் டிரைவர் 2006-இல், பிழைக்க மாட்டார் என்று தெரிந்த ஒரு முன்னாள் மாலுமியை ஏற்றிப்போனபோது, சும்மா பேச்சுவாக்கில் என்ன ஆசை என்று கேட்டிருக்கிறார். இன்னொரு தடவை துறைமுகத்தைப் பார்க்கணும் என்றாராம். அப்புறம் கூட்டிப்போய்க் காட்டியும் விட்டார். அடுத்த வருடமே மனைவியோடு சேர்ந்து இப்படிப்பட்ட கடைசி ஆசைகளுக்கென்றே ஒரு அறக்கட்டளை தொடங்கிவிட்டார். படத்தில் இருப்பவரைக் கூட்டி வந்ததும் அவர்கள்தான். வண்டியில் வரும் டிரைவர், நர்ஸ் எல்லாம் தன்னார்வலர்கள். மந்திரம், ஜெபம் எதுவும் கிடையாது, எனக்கென்னவோ இதுவும் பூஜையாகத்தான் தெரிகிறது.

அப்பாவை ஆம்புலன்ஸில் கொண்டுபோனபோது நான் ஆக்ஸிஜன் அளவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவரிடம் எதுவும் கேட்கவில்லை.