பேங்க்ல இருக்கற பணத்துக்கு கோர்ட் ஆர்டர் வந்தா எதைத் தொட முடியாது

அமெரிக்காவுல இருக்கற நம்மாளுங்க கிட்ட கிரெடிட் கார்டு பாக்கி பத்தி பேசினாலே, கட்டலேன்னா மறுநாளே அக்கவுன்ட்ல கை வச்சிடுவாங்களான்னுதான் கேக்கறாங்க. இல்லைங்க. கார்டு கம்பெனியோ ஆஸ்பத்திரியோ அந்தக் கடனை விலைக்கு வாங்கின கலெக்‌ஷன் கம்பெனியோ, யாரா இருந்தாலும் முதல்ல கேஸ் போட்டு ஜட்ஜ்மென்ட் வாங்கணும், அதுக்கு அப்புறம்தான் பேங்குக்கு கார்னிஷ்மென்ட் ஆர்டர் (அக்கவுன்ட் பணத்தை முடக்கி கடன் கொடுத்தவங்களுக்குக் கொடுக்கச் சொல்ற உத்தரவு) போகும். ஐஆர்எஸ் (ஃபெடரல் வரித்துறை) வரி பாக்கின்னா கதை வேற, அவங்க கேஸே போடாம லெவி போடலாம், அதாவது அக்கவுன்ட் பணத்தை நேரடியா பிடிச்சுக்கலாம். அதே மாதிரி கார் லோன் மாதிரி (கிரெடிட் கார்டு அல்லாத) கடன் பாக்கியும் அக்கவுன்ட்டும் ஒரே பேங்க்ல இருந்தா, கோர்ட் பக்கம் போகாமலே அவங்களே கழிச்சுக்க வாய்ப்பு இருக்கு, அதனால கடன் இருக்கற பேங்க்ல சேமிப்பை வைக்காதீங்கன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்றது.

எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கறது என்னன்னா, கோர்ட் சம்மன் வரும்போது பயந்து கவரைக்கூட பிரிக்காம வச்சிடறாங்க. பதில் போடலேன்னா எதிர் பார்ட்டி கேக்கற தொகைக்கே டீஃபால்ட் ஜட்ஜ்மென்ட் ஆயிடும், கடன் பழசா, தொகை சரியான்னு யாரும் கேக்க மாட்டாங்க. அப்புறம் ஒருநாள் கடையில கார்டு தேய்க்கும்போதுதான் அக்கவுன்ட் முடங்கினதே தெரியும்.

சரி, எந்தப் பணம் தப்பிக்கும்? சோஷியல் செக்யூரிட்டி (அரசாங்க ஓய்வூதியம்), எஸ்எஸ்ஐ (வருமானம் குறைஞ்ச முதியோர், ஊனமுற்றோருக்கான உதவி), முன்னாள் ராணுவத்தினருக்கு வர்ற விஏ பணம், ரயில்வே ரிட்டயர்மென்ட், ஃபெடரல் ஊழியர் பென்ஷன் இதெல்லாம் டைரக்ட் டெபாசிட்டா வந்தா பேங்கே பாதுகாக்கணும், நாம எதுவும் கேக்க வேண்டாம். 2011 மே மாசத்துலேர்ந்து இது ஃபெடரல் விதி. ஆர்டர் வந்ததும் பேங்க் கடைசி ரெண்டு மாசத்து டெபாசிட்டைப் பாக்கும். உதாரணத்துக்கு ஒரு அம்மாவுக்கு மாசம் 1,400 டாலர் சோஷியல் செக்யூரிட்டி வருதுன்னு வைங்க, ரெண்டு மாசத்துக்கு 2,800. அக்கவுன்ட்ல 3,500 இருந்தா 2,800-ஐ தொடக்கூடாது, அவங்க தாராளமா எடுத்து செலவு பண்ணலாம், மீதி 700 முடங்கும். அக்கவுன்ட்ல 2,000தான் இருந்தா மொத்தமும் பத்திரம்.

இதுல ஒரு பெரிய ஓட்டை இருக்கு. அதே அம்மா 1,000 டாலரை சேவிங்ஸ்க்கு மாத்தி வச்சிருந்தா அந்த சேவிங்ஸை பேங்க் தானா பாதுகாக்காது, ஏன்னா நேரடியா விழுந்த அக்கவுன்ட்டை மட்டும்தான் அது பாக்குது. காகித செக்கா வாங்கி டெபாசிட் பண்ணினாலும் அதே நிலைதான். சட்டப்படி பணம் அப்பவும் எக்ஸெம்ப்ட்தான் (கடனுக்குப் பிடிக்கக்கூடாத பணம்தான்), ஆனா நாமதான் கோர்ட்ல போய் நிரூபிக்கணும். அதனால பென்ஷன் பணத்துக்குன்னு தனி அக்கவுன்ட் வச்சிக்கோங்க, பையன் அனுப்பற பணம், வாடகை வரவு எதையும் அதுல கலக்காதீங்க. சைல்ட் சப்போர்ட் (குழந்தை பராமரிப்புத் தொகை) பாக்கின்னா இந்தத் தானியங்கிப் பாதுகாப்பு வேலை செய்யாம போகலாம்னும் ஞாபகம் வச்சிக்கோங்க.

வேலையில்லா உதவித்தொகை, வேலையில அடிபட்டதுக்கு வர்ற நஷ்டஈடு, குழந்தைக்குன்னு வாங்கற சைல்ட் சப்போர்ட் இதுக்கெல்லாம் பாதுகாப்பு அந்தந்த ஸ்டேட் சட்டத்துல இருக்கு. சம்பளத்துல பிடிக்கறதுக்கு ஃபெடரல் சட்டம் பொதுவா 25 சதவீத வரம்பு வச்சிருக்கு, ஆனா சம்பளம் பேங்குக்குள்ள வந்துட்டா அது எவ்வளவு தூரம் தப்பிக்கும்ங்கறது ஸ்டேட்டுக்கு ஸ்டேட் மாறும். நியூயார்க், கலிஃபோர்னியா மாதிரி சில இடத்துல எந்தப் பணமா இருந்தாலும் ஒரு குறிப்பிட்ட தொகையை பேங்க் விட்டு வைக்கணும், கலிஃபோர்னியாவுல இது 2020 செப்டம்பர்லேர்ந்துதான் வந்துச்சு. எல்லா ஸ்டேட்லயும் இப்படி இல்லை.

ஜாயின்ட் அக்கவுன்ட் இன்னும் சிக்கல், கடன் புருஷனோடதா இருந்தாலும் பொண்டாட்டி போட்ட காசும் சேர்ந்து முடங்கலாம், யார் பணம்னு காட்ட வேண்டியது நம்ம பொறுப்பு.

நோட்டீஸ் கைக்கு வந்த அன்னைக்கே எக்ஸெம்ப்ஷன் கிளெய்ம் ஃபாரத்தை எடுத்து நிரப்புங்க, பல இடத்துல அவகாசம் சில நாள்தான். கூடவே பேங்க் ஸ்டேட்மென்ட், சோஷியல் செக்யூரிட்டி அவார்ட் லெட்டர் (எவ்வளவு பணம் வரும்னு அவங்க அனுப்பற கடிதம்) வைங்க, ஸ்டேட்மென்ட்ல அந்த டெபாசிட் வரிகளைப் பேனாவால வட்டம் போட்டுக் காட்டுங்க. வக்கீல் வைக்க வசதி இல்லாதவங்களுக்கு லீகல் எய்டு ஆபீஸ்ல இலவசமாவே பண்ணித் தருவாங்க, போன் பண்ணும்போது ஹியரிங் தேதியை முதல்ல சொல்லுங்க.