பிரேக் டிஸ்க் ஸ்க்ரூ வரமாட்டேங்குதா?

ஹோண்டா மாதிரி நிறைய ஜப்பான் கார்ல முன்பக்க டிஸ்க்க ஹப்போட (வீல் மாட்டுற நடுப்பாகம்) சேர்த்து ரெண்டு ஸ்டார் ஸ்க்ரூ பிடிச்சிருக்கும், சூட்டுலயும் துருவுலயும் அது அப்படியே இறுகிப்போயிடும், சாதா ஸ்க்ரூடிரைவர போட்டு திருப்புனா தலை வழுக்கி கெட்டுப்போறதுதான் மிச்சம். தயவுசெஞ்சு அத பண்ணாதீங்க. சுத்தியால அடிக்கிற இம்பாக்ட் டிரைவர் வாங்குங்க, 3ம் நம்பர் பிட்டு போட்டு, திசைய கழட்டுற பக்கம் வச்சு, நேரா அழுத்திப் பிடிச்சு ஓங்கி ஒரே அடி. அடிக்கிறப்போ பிட்டு ஸ்க்ரூக்குள்ள இறங்கிட்டே திரும்புறதால வழுக்காது, அதான் அதோட அருமை. முந்தின நாளே துரு இளக்குற ஆயில் கொஞ்சம் விட்டா இன்னும் நல்லது, ஆனா பிரேக் பேட்ல (டிஸ்க்க அழுத்திப் பிடிக்கிற கட்டை) பட்டுடக்கூடாது, டிஸ்க்ல பட்டா பிரேக் க்ளீனர் போட்டு சுத்தமா துடைச்சிருங்க.

தலை ஏற்கனவே போயிடுச்சா? பயப்பட வேணாம், 8 மிமீ டிரில் பிட்டால தலைய மட்டும் துளைச்சா டிஸ்க் வந்துரும், மீதி நீட்டிட்டு இருக்குறத வைஸ் கிரிப்பால (பூட்டிப் பிடிக்கிற குறடு) பிடிச்சு திருப்பிடலாம். ஓடுறப்போ டிஸ்க்க இறுக்கிப் பிடிக்கிறது வீல் நட்டுதான், இந்த ஸ்க்ரூ வீல் இல்லாதப்போ டிஸ்க் ஆடாம இருக்கத்தான். புதுசா M6 (6 மிமீ மரை) ஸ்க்ரூ போடும்போது மரையில ஆன்டி சீஸ் (இறுகிப்போகாம தடுக்கிற பேஸ்ட்) துளி தடவுங்க, ரொம்ப இறுக்காதீங்க.